மஞ்சள் தண்ணீர் ஞானஸ்நானம்

1

இந்த ஐப்பசியோடு நான் பினாங்குக்கு வந்து பத்தொன்பது வருஷம் ஆகிறது. ஊரிலிருந்து எழுதுகிறவர்கள் எல்லோரும் தவறாமல் இரண்டு கேள்வி கேட்கிறீர்கள். அங்கே சௌகரியமா? கடலைத் தாண்டிய பிறகாவது தெய்வ பயம் வந்ததா? முதல் கேள்விக்குப் பதில் எளிது. சௌகரியம்தான். இங்கே மழைக்கும் வெயிலுக்கும் வேளை கிடையாது, இரண்டும் சேர்ந்தே வரும், குடையை மறக்காமல் இருந்தால் போதும். இரண்டாவது கேள்வியை இத்தனை வருஷமாக மழுப்பிக்கொண்டே வந்திருக்கிறேன். உபதேசியார் மகனாகப் பிறந்து, கோயில் மணி அடித்தால் கொல்லைப்பக்கமாக ஓடியவனைப் பார்த்து நீங்கள் அப்படிக் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

இனி மழுப்ப முடியாதபடி போன செவ்வாய்க்கிழமை ஒரு காரியம் நடந்துவிட்டது.

என் மகள் ஆரோக்கியத்துக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. மாப்பிள்ளை தைப்பிங்கில் தந்தி ஆபீஸ் கிராணி. கிராணி என்றால் ஊரில் குமாஸ்தா. பையன் நல்லவன். அவன் அம்மா கொஞ்சம் கூடுதலாகவே நல்லவள். பெண் பார்க்க வந்த அன்று எங்கள் வீட்டுச் சுவரில் எத்தனை அர்ச்சியசிஷ்டவர் படம் தொங்குகிறது என்று எண்ணி முடித்த பிறகுதான் காப்பியைக் கையில் எடுத்தாள். என் மனைவி பிலோமினா முதல் நாளே பக்கத்து வீட்டிலிருந்து இரண்டு படம் இரவல் வாங்கி மாட்டியிருந்தாள். அது தனிக் கதை.

கல்யாணத்துக்கு முன் கோயிலில் இன்னாருக்கு இன்னார் என்று மூன்று ஞாயிறு ஓலை வாசிக்க வேண்டும். ஓலை வாசிக்க வேண்டுமானால் சாமியார் பெண்ணின் ஞானஸ்நானப் பதிவைப் பார்க்க வேண்டும். எங்கள் பழைய சாமியார் போய்ச் சேர்ந்துவிட்டார். இப்போது இருப்பவர் புதிதாக வந்த பிரெஞ்சுக்காரர். புதுச்சேரியில் தமிழ் படித்தவர். அவர் தமிழ் நம் தமிழைவிடச் சுத்தம், அதனாலேயே பாதிப் பேருக்குப் புரியாது.

அவர் பெரிய புத்தகத்தைத் திறந்து விரலை வைத்தார். பழைய சாமியார் கையெழுத்தில் ஒரே வரிதான் இருந்தது. ஆரோக்கியம், ஜெரஜாக் தீவில் அவசர ஞானஸ்நானம், கொடுத்தவர் சவரிமுத்து.

"சவரிமுத்து என்பவர் யார்?"

"நான்தான் சாமி."

"சாட்சி எவரும் எழுதப்படவில்லையே?"

"தீவில் சாட்சிக்கு எங்கே போவது சாமி?"

"எதைக் கொண்டு ஞானஸ்நானம் கொடுத்தீர்?"

"தண்ணீர்தான்."

"என்ன தண்ணீர்?"

கிணற்றுத் தண்ணீர் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வேலை முடிந்திருக்கும். நான் குடையின் பிடியைத் திருகிக்கொண்டிருந்தேன். பத்தொன்பது வருஷத்தில் ஒரே ஒருவர்தான் என்னிடம் இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தார். அவருக்கும் நான் பதில் சொல்லவில்லை.

சாமியார் என் முகத்தைப் பார்த்தார். புத்தகத்தை மூடினார். "அன்று உடனிருந்தவர் எவராகிலும் உயிரோடிருந்தால் வெள்ளிக்கிழமை அழைத்து வாரும். பெண்ணும் வரட்டும். அதுவரைக்கும் ஓலை வாசிப்பதற்கில்லை" என்றார்.

2

என் அப்பாவைத் தெரியாத இளசுகளும் இதைப் படிக்கலாம் என்பதால் சொல்கிறேன். நாகப்பட்டினத்துக்குத் தெற்கே எங்கள் கடற்கரை ஊருக்குச் சாமியார் மாதத்துக்கு ஒருமுறை மாட்டுவண்டியில் வருவார். மற்ற நாளெல்லாம் கோயில் என்றால் அப்பாதான். ஜெபம் சொல்லிக்கொடுப்பார். சாகக் கிடக்கிறவன் தலைமாட்டில் நின்று மரண மந்திரம் சொல்வார். பிழைக்காது என்று மருத்துவச்சி கையை விரித்த குழந்தைக்கு ஓடிப்போய்த் தண்ணீர் ஊற்றுவார். கையில் எப்போதும் ஒரு பிரம்பு இருக்கும். மந்திரத்தில் ஒரு சொல் தவறினால் அது முட்டியில் இறங்கும். எட்டு வயதில் எனக்கு எல்லா மந்திரமும் மனப்பாடம். மனசு படித்ததாக நினைக்காதீர்கள், படித்தது முட்டி.

அவருக்குப் பிறகு நான்தான் உபதேசியார் என்று ஊரே தீர்மானம் பண்ணிவிட்டது. என்னை ஒருத்தரும் கேட்கவில்லை. எனக்கோ அப்போதே நம்பிக்கை விட்டுப்போயிருந்தது. சர்வேசுரன் ஒருவர் இருந்தால் அவருக்கும் எனக்கும் நடுவில் அப்பா எதற்குப் பிரம்போடு நிற்கிறார் என்பது என் வாதம். பினாங்குத் துறைமுகக் கிட்டங்கியில் வேலை இருப்பதாக ஒரு தூரத்து உறவு எழுதினதும், அப்பா கோயிலில் இருக்கும் நேரமாகப் பார்த்துக் கிளம்பி நாகப்பட்டினத்தில் கப்பலேறினேன். கடலுக்கு அந்தப் பக்கம் என்னை மண்டியிடச் சொல்ல ஆளில்லை என்ற நினைப்பே தித்தித்தது.

நாம் ஒன்று நினைக்கத் தெய்வம் ஒன்று நினைக்கும் என்பார்கள். கப்பலில் ஒருவருக்கு அம்மை போட்டது. பினாங்கு கண்ணெதிரே இருக்கிறது, கரையில் ரிக்‌ஷா ஓடுவது தெரிகிறது, எங்களை மட்டும் இறங்கவிடாமல் ஜெரஜாக் தீவுக்குக் கொண்டுபோனார்கள். துணியை எல்லாம் ஆவியில் வேகவைத்துத் திருப்பிக் கொடுத்தார்கள். ஊரில் தைத்துக்கொண்டு வந்த என் ஒரே கோட்டு, தம்பிக்குத் தைத்த மாதிரி சுருங்கிவிட்டது.

இரண்டு வாரம் என்று சொன்னார்கள். ஆனால் நடுவில் யாருக்காவது புதிதாகப் போட்டுவிட்டால் மறுபடியும் முதல் நாளிலிருந்து எண்ணுவார்கள். பன்னிரண்டாம் நாள் ஒருவருக்குப் போடும். மறுபடி ஒன்று, இரண்டு, மூன்று. இப்படி நாற்பத்து மூன்று நாள். நம் ஆண்டவர் வனாந்தரத்தில் இருந்ததே நாற்பது நாள்தான். அவரை ஆவியானவர் அழைத்துப்போனார். என்னைப் படகில் ஏற்றித் தள்ளிக்கொண்டு போனார்கள்.

3

எங்கள் கொட்டகையில் காமாட்சி என்று ஒருத்தி இருந்தாள். இடுப்பில் ஆறு மாதக் குழந்தை. புருஷன் கெலுகோர் தென்னந்தோட்டத்தில் மரமேறுகிறவன். தீவிலிருந்து பார்த்தால் எதிர்க்கரையில் கெலுகோர்த் தென்னைகள் தெரியும். தினம் காலையில் கரையில் நின்று, "அந்தா, அதுல ஏதோ ஒரு மரத்துல எம் புருசன் இருக்காரு" என்பாள். ஏதோ ஒரு மரம் என்பதே அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

கொட்டகை வாசலில் அவள் ஒரு மண்சட்டி நிறையத் தண்ணீர் வைத்திருப்பாள். ஊரிலிருந்து கொண்டுவந்த மஞ்சள் கிழங்கைக் கல்லில் உரசி அதில் கலப்பாள். அம்மை என்றால் மாரியம்மன் வந்திருக்கிறாள், அவள் மனசு குளிர வேண்டும் என்பது கணக்கு. வேப்பிலைக்கு என்ன செய்வது? தீவில் வேம்பு இல்லை. வேறு ஏதோ ஒரு மரத்தின் கொத்தை ஒடித்துச் சட்டியில் செருகினாள்.

"வேப்பிலைக்குப் பதிலா இதை ஒத்துக்குவாளா உங்க ஆத்தா?" என்று சீண்டினேன்.

"இங்க வேப்பிலை கெடைக்காதுன்னு ஆத்தாளுக்குத் தெரியாதாண்ணே? நாம என்ன நெனச்சு வைக்கிறோம்னு பாப்பா" என்றாள்.

அவளுடைய கடவுள் இவ்வளவு தாராளமாக இருக்கிறாளே, என்னுடையவர் மட்டும் ஏன் ஒவ்வொரு சொல்லுக்கும் பிரம்பெடுக்கிறார் என்று எனக்குப் பொறாமையாக இருந்தது.

நான் யார் என்று தீவில் ஒருவரிடமும் சொல்லவில்லை. வெளியே வந்தது என் சொந்தக் கொழுப்பால். நம் வேதத்தைச் சேர்ந்த ஒரு கிழவர் அம்மையில் இறந்தார். அடக்கம் செய்யும்போது நம் ஆட்கள் ஏழெட்டுப் பேர் தூரத்தில் நின்று மரண மந்திரம் சொன்னார்கள். நடுவில் இரண்டு வரியை விழுங்கிவிட்டு, அடுத்ததை முன்னால் இழுத்து, கடைசியில் கல்யாண ஆசீரில் கொண்டுபோய் முடித்தார்கள். செத்தவருக்குக் கல்யாண ஆசீர்! பின்னால் நின்றவன் பொறுக்கமாட்டாமல் சத்தமாகத் திருத்திவிட்டேன். திருத்தினவன் நிறுத்தவும் இல்லை, முழுவதையும் சொல்லி முடித்தேன். நம்பிக்கை போனாலும் அப்பாவின் வியாதி போகவில்லை. அன்று சாயங்காலத்திலிருந்து எல்லோருக்கும் நான் "உபதேசியாரே" ஆகிவிட்டேன். எதை விட்டு ஓடிவந்தேனோ அது எனக்கு முன்னால் வந்து கரையில் காத்திருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

முப்பதாம் நாள் வாக்கில் லூர்தம்மாளுக்கு வலி எடுத்தது. எங்கள் கொட்டகையில் இருந்த கர்ப்பிணி, வேளாங்கண்ணிப் பக்கம். அக்கரையில் இருக்கும் புருஷனைத் தேடித் தனியாக வந்தவள். நாள் ஆகவில்லை. நடு மத்தியானம், கூரையைப் பிய்த்துக்கொண்டு மழை. டிரெஸ்ஸர், நம் ஊர் கம்பவுண்டர் மாதிரி, அம்மை கண்டவர்களின் கொட்டகையில் இருந்தார், அவரை அழைக்க ஆள் ஓடியது. அதற்குள் காமாட்சியே பிள்ளையை எடுத்துவிட்டாள்.

பிள்ளை அழவில்லை. நீலம் பாரித்திருந்தது. காமாட்சி காலைப் பிடித்துத் தூக்கி முதுகில் தட்டுகிறாள், ஒரு சத்தமும் இல்லை. மறைப்புக்குக் கட்டியிருந்த சேலைக்கு இந்தப் பக்கம் நான் நின்றேன். உள்ளேயிருந்து லூர்தம்மாளின் குரல் வந்தது.

"உபதேசியாரே... எம் புள்ளைக்குத் தண்ணி ஊத்துங்க. வெறுங்கையா அனுப்பாதீங்க."

ஓடிவிடலாம் என்றுதான் கால் சொன்னது. தீவில் எங்கே ஓடுவது? வாசலில் கைக்கு எட்டின சட்டியைத் தூக்கிக்கொண்டு சேலையை விலக்கினேன். பிள்ளை தலையில் மூன்று தரம் வார்த்து, "ஆரோக்கியம், பிதாவுடையவும் சுதனுடையவும் இஸ்பிரீத்து சாந்துவுடையவும் நாமத்தினாலே நான் உன்னை ஸ்நானம் பண்ணுவிக்கிறேன்" என்றேன். வேளாங்கண்ணிக்காரி பிள்ளைக்கு மாதா பெயரைத் தவிர வேறு பெயர் யோசிக்க நேரமில்லை.

மூன்றாம் தரம் வார்க்கும்போதுதான் பார்த்தேன். பிள்ளையின் நெற்றியில் மஞ்சள் வழிந்துகொண்டிருந்தது. புருவத்தில் ஒரு பச்சை இலை ஒட்டியிருந்தது.

மாரியம்மன் சட்டி.

பிள்ளை வீலென்று கத்தியது. அவ்வளவு குளிர்ந்த தண்ணீரைத் தலையில் கொட்டினால் யார்தான் கத்தமாட்டார்கள்? இருந்தாலும் அந்தச் சத்தத்தைப் போல ஒரு சத்தத்தை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. லூர்தம்மாள் சிரித்தாள். டிரெஸ்ஸர் நனைந்துகொண்டு ஓடிவந்து தம்மால் ஆனதையெல்லாம் செய்தார். காய்ச்சல் கண்டு மூன்றாம் நாள் அவள் போய்விட்டாள். அவளுக்கும் நான்தான் மந்திரம் சொன்னேன். இந்தத் தடவை யாரையும் திருத்துவதற்காகச் சொல்லவில்லை.

4

தீவை விட்டுக் கிளம்பும் நாள் மேஜை போட்டு ஒருவர் அச்சடித்த பாரத்தாள் நிரப்பினார். பிள்ளையின் தகப்பன் படகுத் துறைக்கு வரவில்லை. அவனுக்கு எழுதிய இரண்டு கடிதமும் ஆளில்லை என்று திரும்பிவிட்டன. பாரத்தில் "குழந்தைக்கு என்ன உறவு" என்று ஒரு கட்டம். வரிசையில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு வயது இருபத்து நான்கு, கல்யாணமாகாதவன், சுருங்கிப்போன கோட்டு.

"என்னை ஏன் பாக்குறீங்க? எனக்கு இதுல என்ன சம்பந்தம்?" என்றேன்.

"தண்ணி ஊத்தினவுக நீங்கதானேண்ணே" என்றாள் காமாட்சி. "மரம் வச்சவன் தண்ணி ஊத்துவான்னு சொல்லுவாக. இங்க வச்சவன் ஓடிட்டான். ஊத்தினவுக பாருங்க." பிள்ளையை என் கையில் வைத்தாள். ஆனால் பால் கொடுப்பவள் அவள்தான். ஆகவே அடுத்த நிமிஷமே திருப்பி வாங்கிக்கொண்டாள்.

கட்டத்தில் "தகப்பன்" என்று எழுதிவிட்டார்கள். கையெழுத்துப் போட்டேன். பினாங்கு மண்ணில் நான் போட்ட முதல் கையெழுத்து அதுதான்.

பழைய சாமியாரிடம் போய்ச் சொன்னபோது அவர், "தண்ணீர் ஊற்றினாயா? வார்த்தை சொன்னாயா?" என்று மட்டும் கேட்டார். இரண்டுக்கும் ஆமாம் என்றேன். பொய்யில்லை. பிள்ளைக்குத் தைலம் பூசி, உப்பு வைத்து, மிச்சச் சடங்கை முடித்துப் பதிந்துகொண்டார். அப்பாவுக்கும் எழுதினேன். ஓடிவந்த பிறகு எழுதிய முதல் கடிதம். பெருமையாகத்தான் எழுதினேன். மன்னிப்பாவது, பாராட்டாவது வரும் என்று பார்த்தால் ஒரே ஒரு வரி வந்தது. "வார்த்தை சரியாகச் சொன்னாயா? என்ன தண்ணீர்?"

இதற்கு என்ன எழுதுவது? மாரியம்மன் தண்ணீர் என்றால் அங்கேயே உயிரை விட்டுவிடுவார். கிணற்றுத் தண்ணீர் என்று எழுதவும் கை வரவில்லை. அடுத்த மாதம் எழுதலாம், அடுத்த கப்பலுக்கு எழுதலாம் என்று தள்ளிப்போட்டேன். மூன்றாவது வருஷம் அப்பா இறந்த செய்திதான் வந்தது.

காமாட்சி ஒன்றரை வருஷம் கெலுகோரில் ஆரோக்கியத்தைத் தன் பிள்ளையோடு வளர்த்தாள். ஞாயிறுதோறும் நான் ஜெலுத்தோங் வரை டிராமில் போய், அங்கிருந்து நடந்து தோட்டத்துக்குப் போவேன். பூசைக்குப் போக வேண்டிய நேரத்தில் பிள்ளையைப் பார்க்கப் போகிறானே என்று கோயிலில் முணுமுணுத்தார்கள். பிறகு பிலோமினாவைக் கட்டினேன். "பிள்ளையோடு சேர்த்துத்தான் மாப்பிள்ளை" என்று முதலிலேயே சொன்னேன். "பிள்ளைக்காகத்தான் மாப்பிள்ளையைச் சகித்துக்கொள்கிறேன்" என்றாள். எங்களுக்கு வேறு பிள்ளை பிறக்கவில்லை.

தீவில் கூட இருந்தவர்கள் சும்மா இருந்தார்களா? உபதேசியார் வந்திருக்கிறார் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டார்கள். நம் ஆட்கள் வீட்டில் யார் படுத்துவிட்டாலும் ரிக்‌ஷா என் வாசலுக்கு வரும். திட்டிக்கொண்டே போவேன். கிட்டங்கியில் மூட்டை எண்ணிக்கொண்டிருக்கும்போது வந்து கூப்பிடுவார்கள், துரை முறைப்பார். வெற்றிலைக்கடைக்காரர், துறைமுகக் கூலி, பள்ளிக்கூட வாத்தியார் என்று எத்தனையோ பேரின் தலைமாட்டில் நின்றாயிற்று. சாகிறவன் கையைப் பிடித்துக்கொண்டு, நம்பாத ஒன்றை எத்தனை வருஷம்தான் சொல்ல முடியும்? அவன் கண்ணுக்கு நேராகச் சொல்லிச் சொல்லி, எனக்கே அது உண்மையாகிவிட்டது. எந்த நாள், எந்த வீட்டில் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. வந்து குந்திக்கொண்டது, போகவில்லை.

ஆரோக்கியம் கன்னியாஸ்திரிகள் பள்ளிக்கூடத்தில் படித்தாள். ஜெபம் சொல்வது இங்கிலீஷில், சண்டை போடுவது மலாயில், தமிழ் எங்கள் இரண்டு பேரையும் ஏய்ப்பதற்கு மட்டும், அதிலும் வாலில் ஒரு மலாய் 'லா' ஒட்டிக்கொள்ளும். "உங்க உபதேசியார் தாத்தாவுக்கு ஒரு கடிதம்கூடத் தப்பில்லாமல் எழுத உனக்கு வராது" என்றால், "தாத்தாதான் இல்லையே, யாருக்கு எழுதுறது லா?" என்பாள். அம்மா தீவில் இறந்தது, காமாட்சி பால் கொடுத்தது எல்லாம் அவளுக்குத் தெரியும். சட்டி விஷயம் மட்டும் தெரியாது.

5

வெள்ளிக்கிழமை கிளம்பும்போது பிலோமினா வாசலில் வழிமறித்தாள். "தண்ணின்னா தண்ணின்னு சொல்லிட்டு வாங்களேன். தைப்பிங்காரி காதுல விழுந்தா கல்யாணம் நிக்கும்" என்றாள். அவள் பயம் எனக்கும் இருந்தது. அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. அந்தத் தண்ணீர் செல்லாது என்றால் ஆரோக்கியம் இத்தனை வருஷம் பூசையில் நாக்கில் வாங்கிய நன்மை செல்லாது. அதை நம்பி நான் ஏற்றுக்கொண்ட தகப்பன் வேலையும், உபதேசியார் வேலையும் எதன் மேல் நிற்கிறது?

காமாட்சியை முதல் நாளே கெலுகோரில் பார்த்து விவரம் சொல்லியிருந்தேன். கோயில் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, சாமியார் அறையில் சிலுவையில் இருந்த பாடுபட்ட சுரூபத்துக்கு ஒரு கும்பிடு போட்டு நின்றாள். ஆரோக்கியம் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, இவர் குழந்தைக்கு வார்த்தது என்ன தண்ணீர்?"

"வெறும் தண்ணி சாமி. மழைத் தண்ணி. நாந்தான் புடிச்சு வச்சிருந்தேன்." காமாட்சி கண்ணை இமைக்கவில்லை.

சாமியார் பேனாவை மையில் தோய்த்தார். அவ்வளவுதான். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். எதிரே அப்பாவின் ஒரு வரி நிற்கிறது. அவருக்குப் பதில் சொல்லாமல் விட்டேன், இவருக்குப் பொய்யை விடட்டுமா?

"இல்லை சாமி. மஞ்சள் தண்ணீர். மாரியம்மனுக்கு வைத்திருந்தது. இலைகூடக் கிடந்தது" என்றேன்.

"ஐயோ அண்ணே!" என்று காமாட்சி தலையில் அடித்துக்கொண்டாள்.

ஆரோக்கியத்தின் முகம் வெளுத்துவிட்டது. "அப்பா, அப்ப நான் கிறிஸ்தவளே இல்லியா?"

சாமியார் எழுந்து வெளியே போனார். தமக்கு மேலே இருக்கும் மேற்றிராணியாருக்கு எழுதத்தான் போகிறார் என்று நினைத்தேன். சமையல்காரரிடமிருந்து ஒரு மஞ்சள் கிழங்கும், அம்மிக் குழவியும், ஒரு பாத்திரம் தண்ணீரும் வாங்கிக்கொண்டு வந்தார்.

"அன்று செய்தபடியே செய்யும், அம்மா."

காமாட்சி என்னை ஒரு முறை முறைத்துவிட்டு உட்கார்ந்து உரசினாள். விரலால் வழித்துத் தண்ணீரில் கலக்கினாள். சாமியார் அதைக் கண்ணாடித் தம்ளரில் ஊற்றி ஜன்னலுக்கு நேரே பிடித்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு ஒரு மிடறு குடித்தார்! காமாட்சி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இது தண்ணீர்" என்றார். "யோர்தான் நதி இதைவிடக் கலங்கல். குழம்பாயிருந்தால் யோசித்திருப்பேன். வார்த்தைகள்?"

சொன்னேன். ஒரு எழுத்து பிசகவில்லை. அவர்கூடத் தலையாட்டினார்.

"மூன்றாவது ஒன்றுண்டு. என்ன கருத்தோடு வார்த்தீர்?"

இதை நான் எதிர்பார்க்கவில்லை. தண்ணீரைப் பற்றியே பத்தொன்பது வருஷம் பயந்தவன், இந்தப் பக்கம் திரும்பியே பார்த்ததில்லை. சொல்ல வெட்கமாக இருந்தது.

"சாமி, அன்றைக்கு எனக்கு நம்பிக்கையே கிடையாது. சர்வேசுரனையும் நினைக்கவில்லை, மாரியம்மனையும் நினைக்கவில்லை. எங்கள் அப்பா இந்த இடத்தில் நின்றால் என்ன செய்வாரோ அதைச் செய்ய வேண்டும் என்று மட்டும் நினைத்தேன்."

"உம்முடைய தகப்பனார் எதைச் செய்துவந்தார்?"

"திருச்சபை சொன்னதைத்தான் சாமி. பிரம்போடு."

"பிரம்பு அவசியமன்று" என்றார் சாமியார். "கொடுப்பவனுக்கு விசுவாசம் இருந்ததா என்று திருச்சபை கேட்பதில்லை. திருச்சபை செய்வதைச் செய்ய நினைத்தானா என்றுதான் கேட்கும். நீர் நினைத்திருக்கிறீர். உமக்கே தெரியாமல் நினைத்திருக்கிறீர். ஞானஸ்நானம் செல்லும். மறுபடி கொடுக்க ஒருவருக்கும் அதிகாரமில்லை. அது ஒரு தடவைதான்."

காமாட்சி எனக்கு மட்டும் கேட்கும்படி, "இதத்தானண்ணே நான் அன்னிக்கே சொன்னேன், என்ன நெனச்சு வைக்கிறோம்னுதான் பாப்பான்னு" என்றாள். படிப்பில்லாதவள் தீவிலேயே கொடுத்த தீர்ப்பைப் பிரெஞ்சுச் சாமியார் தம்ளர் வைத்துச் சோதித்து உறுதி செய்திருந்தார்.

ஆரோக்கியம் அழுதுகொண்டே சிரித்தாள். "அப்பா, அதனாலதான் எனக்கு இதுவரைக்கும் அம்மையே போடல லா" என்றாள். சாமியார் கேட்காததுபோல் எழுதிக்கொண்டிருந்தார். சாட்சி என்ற இடத்தில் காமாட்சியின் பெயர். கொடுத்தவர் என்ற இடத்தில் என் பெயருக்குப் பக்கத்தில் "உபதேசியார்" என்று சேர்த்தார். ஈர மையை நானே ஊதிக் காயவைத்தேன்.

6

மேலே எழுதியதை அனுப்பாமலே வைத்திருந்தேன். ஓலை மூன்று ஞாயிறும் வாசித்தாயிற்று. நாளைக் காலை கல்யாணம். இன்று வீட்டில் நலங்கு. காமாட்சி கெலுகோரிலிருந்து கிழங்கு கொண்டுவந்து, கொல்லையில் உட்கார்ந்து அவளே உரசினாள். சம்பந்தியம்மாள் தைப்பிங்கிலிருந்து வந்து இறங்கி, இதையெல்லாம் பார்த்து லேசாக முகத்தைச் சுளித்தாள். சாமியாரே குடித்தது இது என்று பிலோமினா சொல்லிவைத்தாள். எதற்காகக் குடித்தார் என்று சொல்லவில்லை.

"மொதத் தண்ணி உபதேசியார்தான் ஊத்தணும்" என்று காமாட்சி செம்பை என்னிடம் நீட்டினாள்.

ஆரோக்கியம் மனையில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். செம்பைச் சாய்த்தேன். பழக்கதோஷத்தில் வாய் தானாகத் திறந்துவிட்டது. "பிதாவுடையவும்" என்று தொடங்குவதற்குள் அவள் நிமிர்ந்து, "அப்பா! அது ஒரு தடவைதான் லா!" என்றாள். கொல்லை முழுக்கச் சிரித்தது. மஞ்சள் தண்ணீர் அவள் நெற்றியில் இறங்கிற்று. புருவத்தில் இலை மட்டும்தான் இல்லை. நான் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். தெறித்ததைத் துடைக்கிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

ஊர்க்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். இரண்டாவது கேள்விக்கு என் பதில் இதுதான், இதற்கு மேல் கேட்காதீர்கள். வருகிற ஆத்துமாக்கள் திருநாளில் கல்லறைக்குப் போகிறவர்கள் என் அப்பா தலைமாட்டில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றி, என் சார்பாகச் சொல்லிவிடுங்கள். அவர் கேட்டதற்குப் பதில், கப்பல் கொஞ்சம் தாமதமாகிவிட்டது. வார்த்தை சரியாகத்தான் சொன்னேன். தண்ணீர் மஞ்சள் தண்ணீர். செல்லுமாம், அப்பா.